புறப்படுமுன் தீர்க்க வேண்டிய கணக்கு

ஆம்பூரிலிருந்து கடல் தெரியாது. சென்னைத் துறைமுகத்துக்கு 180 கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகள், நடுவே வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும் பாலாறு. ஆனாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தொழில் என்ன என்று ஒரே வரியில் கேட்டால், கடலுக்குத் தயார்செய்வது என்றுதான் சொல்வேன். மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தாலும் கெடாமல் போய்ச் சேரும்படி ஒரு பொருளை ஆயத்தம் செய்வதில் இந்த ஊர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தேர்ந்தவை.

உரித்த தோல் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதனால் முதலில் உப்பு. தோலின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் வரை உப்பைத் தடவி அடுக்குவார்கள். தோல் பதனிடும் டேனரிக்கு வந்து சேர்ந்ததும் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவி வெளியேற்ற வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழி. முடியின் வேர் தளர்ந்ததும் தோலைச் சாய்வான கட்டையின் மேல் போட்டு, மழுங்கிய கத்தியால் முடியைத் தள்ளுவார்கள். புரட்டிப் போட்டு, இருபுறமும் கைப்பிடி வைத்த கூரிய கத்தியால் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவுவார்கள். முதுகை ஒடிக்கிற வேலை. சுண்ணாம்பைப் போக்கிய பிறகுதான் பட்டைத் தண்ணீர். மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையை ஊறவைத்த குழிகளில், முதலில் நீர்த்த சாற்றிலும் பிறகு கெட்டியான சாற்றிலுமாகத் தோல் மாறி மாறிக் கிடக்கும். பட்டையின் துவர்ப்பு தோலின் நாருக்குள் புகுந்து, அங்கிருந்த ஈரத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். எல்லாம் முடிய ஒரு மாதம் போலாகும்.

இப்படித் தயாரான தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை, சென்னையில் ஏற்றிய சரக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் இங்கிலாந்து போக வேண்டும். பாய்மரக் கப்பலில் மூன்று நான்கு மாதம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கும் பாதை அது. வெக்கை, கசிவு, எலி, பூஞ்சை எல்லாவற்றையும் தாங்கிப் போய்ச் சேர்ந்த தோலை அங்கே மறுபடி நனைத்து, சாயமேற்றி, தங்களுக்கு வேண்டிய விதத்தில் முடித்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு மேல்தோலாக இதை அரசாங்கமே மொத்தமாக வாங்கியது. பின்னால் ஆவாரம்பட்டை போதாமல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டையைக் கப்பலில் வரவழைத்தார்கள். நேட்டாலுக்கு எங்கள் வட ஆர்க்காடு ஜில்லாவோடு வேறொரு உறவும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

1973க்குப் பிறகு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாக முடித்த தோலும் ஷூவுமாக அனுப்பும் காலம் வந்தது. பொருள் மாறியதே தவிர, கடல் மாறவில்லை. இன்று ஒரு ஷூ கம்பெனியில் பெட்டி கட்டும் பெண்ணிடம் கேளுங்கள், ஒவ்வொரு ஜோடியோடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஏன் போகிறதென்று சொல்வார். கண்டெய்னருக்குள் பகலில் சூடேறி இரவில் குளிர்ந்தால், கூரையில் நீர் வேர்த்துச் சொட்டும். ஒரு சொட்டு போதும், துறைமுகத்தில் திறக்கும்போது பெட்டி முழுக்கப் பூஞ்சை. அதைத் தடுக்கச் சில நாடுகளில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொடியைப் பொட்டலமாக வைத்தார்கள். ஐரோப்பாவில் அந்தக் காலணிகளைப் போட்டவர்களின் கால்களும், அதே பொடி வைத்த சோபாக்களில் உட்கார்ந்தவர்களின் தோலும் வெந்து கொப்பளித்தன. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. பயணத்தைத் தாங்குவதற்காகச் சேர்த்த ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் மனிதரைச் சுட்டது. 2023 முடிவில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பா போகும் கண்டெய்னர்கள் மறுபடி நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஆம்பூர் ஷூ, அதன் முப்பாட்டனான ஆவாரம்பட்டைத் தோல் போன அதே பாதையில் போயிற்று.

சரக்குக்கு இவ்வளவு ஆயத்தம். மாதக்கணக்கில் கடலில் போகிற மனிதருக்கு?

இன்று உலகம் சுற்றும் சொகுசுக் கப்பல்கள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மயாமியிலிருந்து கிளம்பிய 'செரனேட் ஆஃப் தி சீஸ்' கப்பலின் பயணத் திட்டம் 274 இரவுகள். அப்படிப் போகிறவர்கள் போடும் பட்டியல் என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை. மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, குளிருக்கும் வெயிலுக்கும் துணி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கட்டணம் போகும்படி ஏற்பாடு, வீட்டுச் சாவி யாரிடம் என்பது. பெட்டிக்குள் போவது பாதி, பெட்டிக்கு வெளியே நிற்பது பாதி. எனக்கு அந்த இரண்டாம் பாதியைப் பற்றித்தான் பேச வேண்டும். அதை ஆழ்ந்து யோசித்தவர்கள் எங்கள் ஊர்களிலேயே இருந்தார்கள். அவர்கள் ஹஜ்ஜுக்குப் போனவர்கள்.

1877இல் பம்பாயில் தொடங்கிய மொகல் லைன் கப்பல்களும் பிறவும் பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையே ஹாஜிகளை ஏற்றிச் சென்றன. 1995 வரை இந்தியாவிலிருந்து கப்பல் ஹஜ் இருந்தது. ஆம்பூர்க்காரர் ரயிலில் அரக்கோணம் போய், அங்கே பம்பாய் மெயிலைப் பிடித்து, பம்பாயில் பயணிகள் விடுதியான முசாஃபிர்கானாவில் கப்பலுக்காகக் காத்திருப்பார். பழைய நாட்களில் செங்கடலின் காமரான் தீவில் இறக்கி, நோய் பரவாமலிருக்கத் தனிமையில் வைத்துப் பிறகுதான் விடுவார்கள். போய் வர எல்லாமாக மூன்று நான்கு மாதம் பிடித்தது. திரும்பாதவர்களும் உண்டு.

மூட்டையில் அரிசி, பருப்பு, ஊறுகாய், மருந்து என்று இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. கூடவே தையலே இல்லாத இரண்டு வெள்ளைத் துணி. ஹஜ்ஜில் அதை உடுத்தியிருக்கும் இஹ்ராம் நிலையில் ஆண்கள் கணுக்காலை மூடும் காலணி போடக் கூடாது. உலகத்துக்கே பூட்ஸுத் தோல் அனுப்பிய வியாபாரியானாலும் அங்கே சாதாரணச் செருப்போடுதான் நிற்க வேண்டும். ஆனால் மூட்டை கட்டுவதற்கு எவ்வளவோ முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். மார்க்கச் சட்டம் இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. டிக்கெட்டுக்குப் பணம் இருந்தால் மட்டும் ஹஜ் கடமையாகிவிடாது. போனவர் திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடவும் வழி இருக்க வேண்டும். அது இருந்தால்தான் 'சக்தி பெற்றவர்' என்று பெயர். கடனை அடைக்க வேண்டும். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும். வேலைக்காரருக்குக் கூலி பாக்கி இருக்கக் கூடாது. யார் யாருக்கு என்ன சேர வேண்டும் என்று வஸிய்யத் எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வீடு வீடாகப் போவார்கள். விமானம் வந்த பின்னும் நிற்காத பழக்கம் இது; எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். முஸ்லிம் வீடு மட்டுமல்ல. வாடகைக்கு இருந்தவர், பால் ஊற்றியவர், பத்து வருஷத்துக்கு முன் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டவர் என்று எல்லார் வாசலிலும் நிற்பார். "ஹஜ்ஜுக்குப் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க." உள்ளிருந்து வருபவர், "என்ன பாய் இப்படியெல்லாம் பேசறீங்க, நல்லபடியா போயிட்டு வாங்க, எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்பார். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் சில வாசல்களில் அவ்வளவு சுலபமாக முடியாது. "மன்னிக்கிறது இருக்கட்டும், அந்த எண்ணூறு ரூபாய்?" என்று கேட்பவரும் இருப்பார். கேட்டால் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மன்னிப்புக் கேட்பது கடனுக்கு ரசீது ஆகாது என்பதை இரு பக்கமும் அறிந்தே பேசும் பேச்சு அது.

இதை நான் வெறும் சடங்காகப் பார்க்கவில்லை. நீண்ட பயணம் போகிறவர் கப்பலில் ஏறிய நொடியிலிருந்து அவருக்கு ஒரு ஒழுங்கு கிடைத்துவிடுகிறது. மணி அடித்தால் சாப்பாடு, அலை அடித்தால் படுக்கை. அவர் இல்லாமல் போன வீட்டுக்குத்தான் ஒழுங்கு குலைகிறது. கடன் கேட்டு வருபவருக்கு யார் பதில் சொல்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பணத்தில் மருந்து வாங்குவது, பழைய சண்டையைச் சாக்காக வைத்து யாராவது வரப்பை நகர்த்தினால் யார் போய் நிற்பது? ஆகவே ஆயத்தம் என்பதில் பெரும் பங்கு, போகிறவரைத் தயார்செய்வதல்ல. அவர் இல்லாத இடத்தைத் தயார்செய்வது.

கடல் தொழிலின் சட்டமும் இதையே கண்டுகொண்டிருக்கிறது. கப்பலில் வேலைக்குப் போகும் பையன் கடல் பணியைப் பதியும் சி.டி.சி. புத்தகம், மருத்துவச் சான்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்று ஓடி அலைவான். ஆனால் 2006இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் அவன் பெட்டிக்குச் சம்பந்தமில்லாத ஒரு விதி இருக்கிறது: அவன் சம்பளத்தில் அவன் விரும்பும் பங்கு, குறித்த காலத்துக்கு ஒருமுறை ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். தொடர்ந்து 12 மாதம் அவனைக் கப்பலில் வைத்திருக்கவும் கூடாது. கொரோனா காலத்தில் இந்த இரண்டாவது விதி உடைந்து, 2020 கடைசியில் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகக் கடல்களில் கிடந்தார்கள். அப்போதும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது என்றால் முதல் விதியினால்தான்.

அந்த விதி இல்லாத காலத்தில் போனவர்களையும் நினைக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் போன கப்பல்களில் வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்கள் நிறைய. 1903 முதல் சென்னையிலிருந்து பிஜிக்குப் போனவர்களிலும் அப்படியே. இவர்களுக்கு யார் வாசலிலும் போய் நிற்க நேரம் கொடுக்கப்படவில்லை. ஆள்பிடிப்பவரின் வாக்கு, டிப்போவில் ஒரு கைநாட்டு, கப்பல். பின்னால் நின்ற தாய்க்கும் மனைவிக்கும் எந்த ஏற்பாடும் கிடையாது. இன்று டர்பனிலிருந்தும் பிஜியிலிருந்தும் பேரன் பேத்திகள் கப்பல் பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தேடி வருகிறார்கள் என்றால், புறப்படும் நாளில் செய்யப்படாத ஒரு காரியத்தை நூறு வருஷம் கழித்துச் செய்ய வருகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தோலுக்குத் திரும்ப வேண்டும். கழுவி வெளியேற்றிய அந்த உப்பு எங்கே போனது?

பாலாற்றுக்குப் போனது. ஏரிக்கும் கிணற்றுக்கும் போனது. சதையும் சுண்ணாம்பும் வண்டலாகத் தங்கும், வடிகட்டிவிடலாம். கரைந்த உப்பு அப்படிப்பட்டதல்ல. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தால் அதைத் தொடக்கூட முடியாது. மணலுக்கடியில் ஓடும் நீர்தான் பாலாறு என்று நம்பி வாழ்ந்த ஊர்களில் அந்த அடிநீர் கரித்தது. தென்னை காய்க்க மறுத்தது. நெல் வயலில் வெள்ளைப் படலம் பூத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்று அந்தத் தீர்ப்பு பதிவுசெய்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இந்த வழக்கில்தான். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எந்த மாநிலத்தவரானாலும் வேலூர் என்ற பெயரை முதலில் படிப்பது இதற்காக. அதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆவாரம்பட்டையின் இடத்தை குரோமியம் பிடித்த பிறகு கணக்கு இன்னும் கனத்தது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த அரசுப் பங்குள்ள தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அங்கே விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை மூழ்கடித்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தங்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு ரயில் ஏறியிருப்பார்களோ.

தோலுக்குச் செய்த ஆயத்தத்தில் குறையே இல்லை. அது லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் ஒரு கறைகூட இல்லாமல் இறங்கிற்று. அதைக் கெடாமல் காத்த எல்லாமே, அது புறப்பட்ட மண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தன. போகும் பொருளுக்கு மாத்திரம் ஆயத்தம் செய்தோம். அது இல்லாமல் நிற்கப்போகும் இடத்துக்குச் செய்யவில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் தனிமனிதர் ஒருவர் அறிந்திருந்ததை, அதே ஊரின் தொழில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தபோது மறந்துபோயிற்று.

இதைத் தோல் முதலாளிகள் மீது மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. அந்நியச் செலாவணி வந்தால் போதும் என்று அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டது. விலையை அடிமட்டத்துக்கு அழுத்திய வெளிநாட்டு வியாபாரி, தண்ணீரின் விலையைத் தன் விலைச் சீட்டில் சேர்க்கவேயில்லை. இந்தத் தொழிலை மூடிவிட்டால் போதும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலையில் கிராமம் கிராமமாக ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் சம்பளத்தில்தான் இங்கே பாதி வீடுகளில் பிள்ளைகள் படிக்கின்றன. தோல் பணம் ஊருக்குத் திரும்பியதும் உண்மை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி வந்தது. 1924இல் தோல் வணிகர் காகா முகமது உமர் ஆம்பூருக்குப் பக்கத்தில் தாருஸ்ஸலாம் மதரஸாவை எழுப்பினார். அந்த இடமே அவர் பெயரால் உமராபாத் ஆயிற்று. பள்ளி, மருத்துவமனை, உதவித்தொகை என்று கொடுத்தவர்கள் ஏராளம். அந்தக் கொடையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் தர்மம் வேறு, கடன் வேறு. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுவிட்டதால், கூலிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி தீர்ந்துவிடாது. தர்மத்தை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது எல்லாமே கொடுப்பவர் விருப்பம். கடனில் அந்த விருப்பம் கிடையாது. பெயர், தொகை, நாள் மூன்றும் எதிரே நிற்பவரின் கையில் இருக்கின்றன. கல்லூரி கட்டிக் கொடுத்த ஊரில் கிணறு கரித்த விவசாயிக்கு, கல்லூரி பதிலாகாது.

பாலாற்றங்கரையில் அந்தப் பெயர்கள் எழுதப்படாமலும் இல்லை. 1996 தீர்ப்புக்குப் பின் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 2001இல் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,000 பேருக்கு மேல் என்று கணக்கெடுத்து, டேனரிகள் தர வேண்டிய தொகையையும் குறித்தது. கொஞ்சம் கொடுக்கப்பட்டது, மிச்சம் வழக்கானது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், விடுபட்டவர்களுக்கு அரசு இழப்பீட்டைத் தந்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஆற்றை மீட்பதைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷம் ஓடியிருக்கிறது. கணக்கில் பெயர் ஏறியவர்களில் எத்தனையோ பேர் காலமாகியிருப்பார்கள். அதனால் கடன் குறைந்துவிடவில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் பெரியவர் பழைய நோட்டைப் புரட்டி, கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் நிம்மதியாக மூடிவைப்பதில்லை. அவர் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று விசாரித்து, பஸ் ஏறிப்போய்க் கையில் கொடுத்துவிட்டு வருவார். பாலாற்று விவசாயிகளின் பிள்ளைகளைத் தேட அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. அவர்களில் பலர் அதே ஷூ கம்பெனிகளில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.